எங்களை ஹீரோ ஆக்க வேண்டாம், கண்ணுகளா



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள். ஆனால் படித்துவிடுங்கள். இரண்டு நாளாக மனதிலேயே வைத்துக்கொண்டு, இன்று விடிகாலை எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ‘சாட்டை’ படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போட்டிருந்தான். சமுத்திரக்கனி வகுப்பில் நின்று பேசுகிற காட்சி. கீழே, “எங்க டீச்சரும் இப்படித்தான், எங்களுக்கு இவங்கதான் ஹீரோ” என்று எழுதி என் பெயரையும் சேர்த்திருந்தான். வரிசையாகக் கைகூப்பல், இதயம், பூங்கொத்து. சும்மா இருப்பானா என் தங்கச்சி மகன்? ‘ராட்சசி’ ஜோதிகா உடம்பில் என் தலையை ஒட்டி ஒரு படம் செய்து குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இராத்திரி படுத்து யோசிக்கும்போது கோபம்தான் வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை, அந்தப் படங்கள் மேல்.

“டீச்சர் ஏன் பதிலே போடல, உடம்பு சரியில்லையா?” என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. பதில் இதுதான்.

டீச்சருக்குச் சினிமா பிடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவள் நான். 1979-இல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, வார்டனுக்குத் தெரியாமல் நாலு பேர் கிளம்பிப் போய் ‘உதிரிப்பூக்கள்’ பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் திட்டு வாங்கினோம். இப்போதும் வாரத்துக்கு ஒரு படமாவது பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அதனால்தான் கோபம் வருகிறது. பிடிக்காத பொருளாக இருந்தால் பேசாமல் ஒதுங்கிப் போயிருப்பேன்.

பள்ளிக்கூடப் படம் என்று தமிழில் வெற்றிபெற்றவற்றை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் ‘சாட்டை’, 2019-இல் ‘ராட்சசி’, 2023-இல் ‘வாத்தி’. ஆளும் ஊரும் மாறும், கதை மாறாது. ஓர் அரசுப் பள்ளி கெட்டுக் கிடக்கும். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆசிரியர்கள் தூங்குவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள், பிள்ளைகளைத் திட்டுவார்கள். புதிதாக ஒருவர் வந்து இறங்குவார். முதல் நாளே எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். யாருக்கும் தோன்றாத யோசனையெல்லாம் அவருக்கு மட்டும் தோன்றும். தேவைப்பட்டால் நாலு பேரை அடிப்பார். இரண்டரை மணி நேரத்தில் பள்ளி தலைநிமிர்ந்துவிடும்.

‘சாட்டை’யில் சமுத்திரக்கனி நன்றாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. அவருக்கு எதிராக உதவித் தலைமையாசிரியராக வரும் தம்பி ராமையா அவரைவிட நன்றாக நடித்திருக்கிறார். அப்படி ஒருவரோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் அவருக்கு மனை வாங்கி விற்கிற வேலை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் தவறாது. அந்த மாதிரி ஆட்களைத் திரையில் காட்டியதற்காக எனக்கு வருத்தமே இல்லை. ஆசிரியர் அறை முழுக்க அவர்களைப் போன்றவர்கள்தான், வந்து இறங்குகிற ஒருவர் மட்டும்தான் மனிதர் என்று காட்டியதற்குத்தான் வருத்தம்.

நான் 32 ஆண்டு வேலை பார்த்தேன். மூன்று பள்ளி, மூன்றும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அதில் 14 ஆண்டு ஈராசிரியர் பள்ளி. உங்களில் பலர் அங்கே படித்தவர்கள்தான், ஆனால் அப்போது உங்களுக்கு இந்தக் கணக்குப் புரிந்திருக்காது. ஐந்து வகுப்பு, ஒவ்வொரு வகுப்புக்கும் நாலைந்து பாடம், ஆசிரியர் இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ வங்கிக்கோ போய்விட்டால் ஒருவர். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு உள்ளே. நாலும் ஐந்தும் தாழ்வாரத்தில். மழை வந்தால் எல்லோரும் உள்ளே. நான் நாலாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றாம் வகுப்பு அதே அறையில் “அம்மா, ஆடு” என்று கத்திக்கொண்டிருக்கும். நடுவில் சத்துணவு அரிசி மூட்டை வந்து இறங்கும், எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் நாங்கள். வாக்காளர் பட்டியல் என்றால் நாங்கள். தேர்தல் என்றால் முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெயர் தெரியாத ஊருக்குப் போவதும் நாங்கள்.

இது ஏதோ பழைய காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் எழுதியிருக்கிறது. முப்பது பிள்ளைக்கு ஒருவர், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒரே வகுப்பிலா இருக்கிறார்கள்? ஐந்து வகுப்பில் இருக்கிறார்களே! இதை எந்தப் படமாவது ஒரு காட்சியில், ஒரே ஒரு வசனத்தில் சொல்லியிருக்கிறதா? சொல்லாது. சொன்னால் வில்லனாக யாரை நிறுத்துவது? சட்டத்தின் அட்டவணையைக் கதாநாயகன் அடிக்க முடியாதே. தூங்குகிற வாத்தியாரை நிறுத்துவது சுலபம்.

‘வாத்தி’க்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன். கதை 90-களில் நடக்கிறது. அதில் குற்றவாளி கல்வியை விலைபேசி விற்கிற முதலாளி. விரலை நீட்ட வேண்டிய திசையில் நீட்டிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பாதிப் படம் தாண்டுவதற்குள் பழைய தடத்துக்கே வந்துவிட்டது. ஒரு தனுஷ் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒருவர் வராத ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இதைவிட வலித்தது இன்னொன்று. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கும். பழைய ஓய்வூதியம் வேண்டும், இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாட்டைக் களைய வேண்டும் என்பவை முக்கியமான கோரிக்கைகள். நான் அதற்கு முந்தின வருடமே ஓய்வுபெற்றுவிட்டேன். பேருந்தில் போகும்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். “பாடம் நடத்தவே மாட்டானுங்க, இதுல சம்பளம் வேற கேக்குறானுங்க.” ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்குகிற வரைக்கும் அதே பேச்சு. அதே ஆண்டு ஜூலையில் ‘ராட்சசி’ வந்தது. ராணுவத்திலிருந்து வந்த தலைமையாசிரியை, சோம்பேறி ஆசிரியர்களை ஒரு மிரட்டு மிரட்டித் திருத்துகிறார். தியேட்டரில் விசில். அந்தப் பேருந்துக்காரர்கள் இரண்டு பேரும் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் ஏற்கெனவே நம்பியதற்கு ஜோதிகா கையால் முத்திரை விழுந்துவிட்டது.

ஆனாலும் ‘ராட்சசி’யில் ஒரு நல்லது உண்டு. அந்த டீச்சர் காதலிக்கப்படுவதற்காக வந்தவர் இல்லை. நம் சினிமாவில் டீச்சர் என்றாலே வேறு எதற்கு வருவாள்?

1983-இல் ‘முந்தானை முடிச்சு’ வந்தபோது நான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். கைச்செலவுக்கு ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தேன். பாக்யராஜ் திறமைசாலி, ஊர்வசி நடிப்பு அருமை, கதைநாயகனே ஒரு வாத்தியார்தான். ஆனால் முதியோர் கல்வி நடத்த வருகிற டீச்சரை ஊர்க் கிழவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அதில் பாதிச் சிரிப்பு. படம் ஓடிய நாட்களில் நான் டீக்கடையைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் முருங்கைக்காய் என்பார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன். அப்போது எனக்கு 23 வயது.

அது அந்தக் காலம் என்பீர்கள். 2015-இல் ‘பிரேமம்’. மலையாளப் படம். தமிழில் குரல்கூட மாற்றாமல் சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. சாய் பல்லவியை எனக்கும் பிடிக்கும். என் அண்ணன் மகள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. முதல் வாரமே கடைசி பெஞ்சிலிருந்து “மலர் டீச்சர்” என்று குரல். கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே ஒரு பாட்டு. “அத்தை, நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாடம் தயார் பண்ணிட்டுப் போறேன். அவங்க என் கண்ணப் பாக்கல, நோட்டப் பாக்கல” என்று போனில் அழுதாள். படம் எடுத்தவர் அதை நினைத்து எடுத்திருக்கமாட்டார். ஆனால் வகுப்பில் நின்றது அவள்தானே.

இதே காதலை மரியாதையாகச் சொன்ன படமும் இருக்கிறது. பாரதிராஜாவின் ‘கடலோரக் கவிதைகள்’, 1986. எனக்குப் பணி ஆணை வந்த வருடம். அதில் ஜெனிஃபர் டீச்சர் முதலில் டீச்சர், பிறகுதான் காதலி. சின்னப்பதாஸ் அவளிடம் பாடம் படிக்கிறான். படிப்பு உள்ளே போகப்போக அந்த முரட்டு மனிதனுக்குள் ஏதோ இளகுவதை சத்யராஜ் எவ்வளவு அழகாகக் காட்டியிருப்பார்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் படம் எனக்கு ஒரு தைரியம் கொடுத்தது.

சரி, டீச்சர் திட்டிக்கொண்டே இருக்கிறாளே, எதைத்தான் பிடிக்கும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2009-இல் பாண்டிராஜ் எடுத்த ‘பசங்க’. புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி. ஜெயப்பிரகாஷ் வாத்தியாராக வருவார். அவருடைய மகனே அவர் வகுப்பில் சண்டைக்காரன். அவர் யாரையும் பறந்து அடிக்கவில்லை. பள்ளியைத் தலைகீழாக மாற்றவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஓயாமல் சண்டை போட்டால் பிள்ளை என்ன ஆகும் என்பதை இன்னொரு வீட்டில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொல்வார். அவ்வளவுதான். அந்தக் காட்சியில் நான் எழுந்து நின்று கைதட்டாத குறை. நாங்கள் செய்த வேலையில் பாதி அதுதான். ஒரு வீட்டுத் திண்ணையில், அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டு, “பிள்ளைய அடிக்காதீங்க” என்று சொல்வது.

‘பரியேறும் பெருமாள்’, 2018. ஆங்கிலத்தில் நடக்கிற பாடம் புரியாமல் பரியன் வகுப்பில் அவமானப்படுவான். அந்தப் பேராசிரியர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது. எதிரே இருப்பவன் எங்கிருந்து வந்தான் என்று யோசிக்காதவர். நாம் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் அப்படி இருந்திருக்கிறோம். பிறகு பூ ராமு நடித்த முதல்வர் வருவார். தானும் அதே அவமானங்களைத் தாண்டித்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பையனுக்குப் புரியவைப்பார். சாதியை அவரால் ஒழிக்க முடியவில்லை. படி என்று சொல்ல முடிந்தது. ஓர் ஆசிரியரின் கைக்கு எட்டுகிற தூரம் அவ்வளவுதான் என்பதை மாரி செல்வராஜ் தெரிந்துவைத்திருக்கிறார்.

அவருடைய ‘வாழை’யை 2024-இல் மகளோடு போய்ப் பார்த்தேன். சிவனணைந்தானுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். பூங்கொடி டீச்சர் என்றால் அதைவிட. பள்ளி விடுமுறை வந்தால் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். ஊரே சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும்போது அந்தப் பிள்ளை திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் தூங்கி விழுந்த எத்தனை பிள்ளைகளை நான் எழுப்பி நிற்கவைத்திருப்பேன்! சனி ஞாயிறு எங்கேடா போனாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்படி நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள் கண்ணுகளா.

‘மாஸ்டர்’ எனக்குப் பிடித்த படம் இல்லை. சத்தம் அதிகம். ஆனால் அதில் ஓர் இடம் உண்டு. சீர்திருத்தப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் வாத்தியாரின் உதவியைத் தேடுகிறார்கள். அவர் குடித்துவிட்டுக் கிடக்கிறார். பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். ஆசிரியர் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு பயங்கரமாக வேறு எந்தத் தமிழ்ப் படமும் சொன்னதில்லை. விஜய்க்குக் கூடிய கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசியாக ‘காக்கா முட்டை’. 2015-இல் வந்தது, மணிகண்டன் எடுத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், கரி பொறுக்கி விற்று, 299 ரூபாய் பீட்சாவுக்குக் காசு சேர்க்கிற கதை. எல்லோரும் பீட்சாவைப் பற்றியே பேசினார்கள். எனக்கு வேறொன்று உறுத்தியது. படம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் கிடையாது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். ஏன் வரவில்லை என்று கேட்டு அந்தக் குடிசை வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. ஆசிரியரைப் பற்றி எனக்குத் தெரிந்து எடுத்த கடுமையான படம் அதுதான், ஆசிரியரே வராத படம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை.

1994 தீபாவளிக்கு ‘நம்மவர்’ வந்தது. கமல் செல்வம் என்ற பேராசிரியர். நாகேஷ் மகளை இழந்த தகப்பனாக நடித்தார், அதற்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. படம் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. நானும் அப்படி ஆக வேண்டும், ஒரு பிள்ளையைக்கூட விடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் பெரிதாகப் பேசினேன். ஆமாம், உங்களைப் போல நானும் விசிலடித்தவள்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒருவன் வரவில்லை. பெயர் வேண்டாம். கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். புளியங்கொட்டையை வைத்துப் பெருக்கல் போடுவான், என்னைவிட வேகமாக. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். “சித்தப்பாகூட வடக்க அனுப்பிட்டோம் டீச்சர், முறுக்குக் கம்பெனிக்கு” என்றாள் அவன் அம்மா. முன்பணம் வாங்கிவிட்டார்கள். அந்தக் காசில் மூத்தவள் கல்யாணக் கடன் கொஞ்சம் அடைந்திருக்கிறது. நான் கோபப்பட்டேன், கெஞ்சினேன், இன்னும் இரண்டு தடவை போனேன். மேலே ஒரு மனு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் சின்னது, மாமியார் படுக்கையில். சில வாரம் கழித்துப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது இந்தக் கைதான்.

படமாக இருந்தால் நான் ரயில் ஏறியிருப்பேன். முதலாளியை ஓர் அறை அறைந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்திருப்பேன். ஊர் எல்லையில் மேளம் கொட்டியிருப்பார்கள். நடந்தது ஒரு சிவப்புக் கோடு. அப்படிப்பட்ட என்னை ஹீரோ என்று நீங்கள் எழுதும்போது எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

“டீச்சர், அது வெறும் சினிமா. சண்டை இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்? அந்தப் படம் பார்த்துச் சிலர் அரசுப் பள்ளியை மதிக்க ஆரம்பித்தார்களே” என்று நீங்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும். மதித்தது யாரை? அந்த ஒருவரை. அவர் உங்கள் ஊர்ப் பள்ளியில் இல்லை என்றதும் பிள்ளையை வேன் வைத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டீர்கள். உங்களில் எத்தனை பேர் பிள்ளைகள் நீங்கள் படித்த பள்ளியில் படிக்கிறார்கள்? குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் பேரனே தனியார் பள்ளியில்தான் படிக்கிறான். மகளோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டேன்.

உண்மையான மாற்றம் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் ஒன்றிலிருந்து நாலாம் வகுப்பு வரை மாநிலம் முழுக்க வந்தது. ரிஷிவேலி பள்ளியில் பிறந்த முறை, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் செய்து பார்த்தார்கள். அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவது. நாங்கள் முணுமுணுத்தோம், அதில் குறைகளும் இருந்தன. ஆனால் மூன்று வகுப்பு ஒரே அறையில் இருக்கிற எனக்கு, அவரவர் வேகத்தில் படிக்கட்டும் என்று முதல்முறையாக ஒருவர் வழி காட்டினார். அதுவரை எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவன், ஒரு வருடம் முழுக்க அட்டையைப் புரட்டிப் புரட்டி, ஒருநாள் ஆத்தாவின் குடும்ப அட்டையை வாங்கி வாசித்து, “ஆத்தா பேர தப்பா போட்டிருக்காங்க டீச்சர்” என்று ஓடிவந்து சொன்னான். அந்த ஒரு வருடத்தை எப்படிப் படம் எடுப்பது? அந்த அட்டைகளை உட்கார்ந்து தயாரித்த ஆசிரியர்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

ஆகவே கண்ணுகளா, என்னை ஹீரோ என்று எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர், காலியிடம் எத்தனை நாளாகக் காலி என்று கேளுங்கள். தொடர்ந்து வராத பிள்ளை யார், யார் வீட்டுக்கு யார் போனார்கள் என்று கேளுங்கள். மனு போட்டு பதில் வராவிட்டால் இரண்டாவது மனு போடுங்கள். நான் போடாததை நீங்கள் போடுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தப் புளியங்கொட்டைப் பையனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். உங்களில் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால், டீச்சர் விசாரித்தாள் என்று சொல்லுங்கள். இங்கே கீழே எழுத வேண்டாம். எனக்குத் தனியாகப் போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்